கட்டக்கோரைக் கடற்பாசியைக் கொண்டு முலாம் கழிவுநீரிலிருந்து செம்பை மீட்பது

செம்பு சல்பேட் முலாம் தொட்டிக்கு அடுத்து வரும் அலசல் நீருக்கான முறை இது. சயனைடு கலந்த நீரில் செய்யவே கூடாது. அமிலம் பட்டால் உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும்.

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கரையொதுங்கும் கட்டக்கோரை (சர்காசம்) போதும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருப்பதால் அங்கே பறிக்காதீர்கள். உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்துச் சலியுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் வேலை. லிட்டருக்கு 30 கிராம் கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். செம்பைப் பிடிப்பது பாசியின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள். கால்சியம் அதை இறுக்கிவைக்கும். இல்லையென்றால் அது கரைந்து, நீர் பழுப்பாகிக் கொழகொழக்கும். சலவைச் சோடாவில் கழுவினால் இன்னும் மோசம்.

லிட்டருக்கு 50 மில்லிகிராம் செம்புள்ள 100 லிட்டர் நீருக்கு 400 கிராம் பாசி எடுங்கள். மொத்தமாகக் கொட்டாமல் 200 கிராம் போட்டு ஒன்றரை மணி நேரம் கலக்கி, வடிகட்டி, மீதி 200 கிராமைப் புதிதாகப் போடுங்கள். அதே அளவு பாசியில், நீரில் மிஞ்சும் செம்பு இன்னும் குறையும். பிஎச் 4.5 முதல் 5 வரை இருக்கட்டும். 3-க்குக் கீழே போனால் பாசியில் செம்புக்கான இடத்தை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் செம்பு தானே படிந்து, பாசி பிடித்தது போல ஏமாற்றும். உள்நாட்டு நீர்நிலைகளில் விட இந்திய வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம், சோதிக்காமல் விடாதீர்கள். அம்மோனியாவோ ஈடிடிஏவோ கலந்திருந்தால் செம்பை அவை விடாது, பாசி தோற்றுப்போகும்.

மீட்க, முதல் 200 கிராமை 10 லிட்டர் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (அடர் அமிலம் சுமார் 85 மில்லிலிட்டர், அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும்) ஒரு மணி நேரம் கலக்குங்கள். பெரும்பகுதிச் செம்பு பத்தில் ஒரு பங்கு நீருக்குள் வந்துவிடும். வடித்து, காஸ்டிக் சோடாவால் பிஎச் 8.5-க்குக் கொண்டுவந்தால் செம்பு நீல வீழ்படிவாக இறங்கும்.

பாசியை அலசி, மறுபடி கால்சியம் குளோரைடில் ஊறவைத்த பிறகே அடுத்த சுற்றுக்கு எடுங்கள். அமில வடிவிலேயே போட்டால் நீரின் பிஎச் சரிந்து, பிடிப்பு குறையும். ஓய்ந்த பாசியை உரக்குழியில் போடாதீர்கள். அது அபாயக் கழிவு.