விண்கலத்துக்குப் பெயர் வைக்கும் முன் பதிவேட்டைத் திறவுங்கள்

விண்வெளிக் கதை எழுத உட்காரும் பலரும் முதலில் தேடுவது கம்பீரமான ஒரு பெயரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் குறுநாவலின் நான்காம் அத்தியாயத்தில் எரிந்துபோகும் காவல் கலத்துக்கு கா-17 என்று எண் கொடுத்திருந்தேன். பதினோராம் அத்தியாயத்தில் உதவிக்கு வரும் கலத்துக்கும் அதே எண். படித்துப் பார்த்த நண்பர், "எரிஞ்ச கப்பல் எப்படித் திரும்ப வந்துச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு நோட்டில் கோடு போட்டு ஐந்து பத்திகள் பிரித்தேன்: எண், பெயர், வகுப்பு (ஒரே வடிவமைப்பில் கட்டிய கலங்களின் குழு), படையில் சேர்ந்த ஆண்டு, கடைசியில் என்ன ஆனது. அதுதான் என் பதிவேடு. இப்போது எந்தக் கதைக்கும் அந்த நோட்டுதான் முதல் பக்கம். ஐந்தாவது பத்தியில் எவ்வளவு எழுதுகிறீர்களோ, அவ்வளவு உயிர் உங்கள் படைக்கு வரும்.

முன்னொட்டையும் வகை எழுத்தையும் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்கக் கப்பல்களுக்கு யூஎஸ்எஸ் என்ற முன்னொட்டு நிலைபெற்றது 1907இல், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவால். வகையைக் காட்டும் எழுத்துகளோடு எண் சேரும் முறை அங்கே 1920இல் வந்தது: நாசகாரிப் போர்க்கப்பலுக்கு டிடி, விமானந்தாங்கிக்கு சிவி, அணுசக்தியில் ஓடினால் கடைசியில் ஒரு என். பிரிட்டனில் ஒற்றை எழுத்து போதும். நாசகாரிக்கு டி, ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலுக்கு எஃப், விமானந்தாங்கிக்கு ஆர். இந்தியக் கடற்படையும் இதே வழியில்தான் போகிறது. கொல்கத்தா டி63, கொச்சி டி64, சென்னை டி65. உங்கள் படைக்கு மூன்று, நான்கு வகை எழுத்துகள் தாராளம். நான் காவலுக்கு கா, சுமைக்கு சு, மருத்துவத்துக்கு ம என்று வைத்திருக்கிறேன். ல, ள, ழ மூன்றையும் வகை எழுத்தாக வைத்துவிடாதீர்கள். இரைச்சலான வானொலியில் மூன்றும் ஒன்றாகத்தான் காதில் விழும்.

அடுத்தது பெயர். ஒரு வகுப்புக்கு ஒரு பொருள் என்று முடிவு செய்யுங்கள். பிரிட்டனின் டேரிங் வகுப்பில் ஆறு கப்பல்களும் டி எழுத்தில் தொடங்குகின்றன. இந்தியாவின் ஷிவாலிக் வகுப்பில் மூன்றும் மலைத்தொடர்கள்: ஷிவாலிக், சத்புரா, சஹ்யாத்ரி. வகுப்பின் முதல் கப்பல் பெயரே பெரும்பாலும் வகுப்புக்கும் பெயர்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம், இந்த ஒழுங்கு உடைகிற இடம். ஜப்பானியப் பேரரசுக் கடற்படை தன் பெரும் போர்க்கப்பல்களுக்குப் பழைய மாகாணங்களின் பெயரும், வேகமான போர்க் குரூசர்களுக்கு மலைகளின் பெயரும் வைத்தது. அகாகி ஒரு மலை, காகா ஒரு மாகாணம். இரண்டுமே விமானந்தாங்கிகள்! காரணம் இதுதான்: அகாகி போர்க் குரூசராகவும், காகா போர்க்கப்பலாகவும் கட்டத் தொடங்கப்பட்டவை. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்டதால், அந்த உடல்களை விமானந்தாங்கிகளாக மாற்றினார்கள். பெயரை மாற்றவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அந்த இரண்டு பெயர்களே வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. உங்கள் படையிலும் இப்படி ஒரு கலத்தைப் பொருந்தாத பெயரோடு விடுங்கள். காரணத்தைப் பதிவேட்டில் மட்டும் எழுதி வையுங்கள்.

எண்ணிலும் இதே கதை. அமெரிக்காவின் சீவுல்ஃப் நீர்மூழ்கிக்கு எண் 21. இருபத்தோராம் நூற்றாண்டுக்கான நீர்மூழ்கி என்று திட்டத்துக்கு வைத்த பெயரே எண்ணாகிவிட்டது. அதற்கு முந்தைய வகுப்பு 773இல் முடிகிறது, பிந்தைய வகுப்பு 774இல் தொடங்குகிறது. நடுவில் 21, 22, 23 மட்டும் தனியாக நிற்கின்றன. விமானந்தாங்கி வரிசையில் 58 என்ற எண்ணில் கப்பலே கிடையாது. யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அந்தக் கப்பலுக்கு 1949 ஏப்ரலில் அடிக்கட்டை வைத்து ஐந்தே நாளில் திட்டத்தை ரத்து செய்தார்கள். அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. பிரிட்டனின் லங்காஸ்டர் ஃபிரிகேட்டுக்கு முதலில் எஃப்232 என்று எண். கப்பல் தரைதட்டினாலோ மோதினாலோ நிரப்ப வேண்டிய படிவத்தின் எண்ணும் 232! உடனே எஃப்229 ஆக்கிவிட்டார்கள்.

சரி, ஒரு கலம் அழிந்தால்? இங்கே மூன்று வழி இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தொடரும், எண் மாறும்: 1942இல் மூழ்கிய அமெரிக்க விமானந்தாங்கி லெக்சிங்டனின் எண் 2. கட்டிக்கொண்டிருந்த வேறொரு கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அதன் எண் 16. பெயரும் எண்ணும் சேர்ந்தே தொடரும்: 1961இல் சேர்ந்த விக்ராந்தின் ஆர்11 என்ற எண்ணை 2022இல் சேர்ந்த புதிய விக்ராந்தும் சுமக்கிறது. மூன்றாவது, ஸ்டார் ட்ரெக் காட்டிய வழி: அந்தத் தொடரின் என்டர்பிரைஸ் விண்கலம், பழைய என்சிசி-1701, அழிந்ததும் புதியதற்கு அதே எண்ணோடு ஓர் ஏ சேர்ந்தது. இழப்பை எண்ணி மாளாத படைக்கு முதல் வழி பொருந்தும். ஒரே கலத்தைக் கொண்டாடுகிற கதைக்கு மூன்றாவது.

வணிகக் கலங்களுக்கு வேறு மாதிரி வேண்டும். நிஜக் கப்பல்களுக்கு ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் என்று ஏழு இலக்கம் உண்டு. பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் அது மாறாது. ஏழாவது இலக்கம் சரிபார்ப்புக்கு. 402618 என்று எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள்: 28, 0, 10, 24, 3, 16. கூட்டினால் 81. கடைசி இலக்கம் 1, ஆகவே முழு எண் 4026181. துறைமுக எழுத்தர் ஒருவர் மனக்கணக்கிலேயே போலி எண்ணைப் பிடிக்கும் காட்சியை இதை வைத்துத்தான் எழுதினேன்.

எண் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 1966 ஸ்டார் ட்ரெக் தொடருக்கு என்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் ஒரு விமானி. 3, 6, 8, 9 குழம்பும் என்று ஒதுக்கிவிட்டுத்தான் 1701க்கு வந்தார்.

கடைசியாக, பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். என் காவல் வகுப்புக்கு நான்கு காற்றுகளின் பெயர் வைத்தேன்: வடக்கிலிருந்து வரும் வாடை, தெற்கின் தென்றல், கிழக்கின் கொண்டல், மேற்கின் கோடை. காகிதத்தில் அழகாக இருந்தது. சண்டைக் காட்சியைச் சத்தமாகப் படித்தபோது வாடையும் கோடையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பெயர்களை மாற்ற மனம் வரவில்லை. அப்புறம் பதிவேட்டில் கோடைக்கு நேரே இப்படி எழுதினேன்: "கா-44. உத்தரவைத் தவறாகக் கேட்டதால் வெளிவளையத்துக்கு மாற்றம். வாடையோடு ஒரே அணியில் சேர்க்கக் கூடாது."