ஃப்ரீரேடியஸில் பயனருக்கான அட்ரிபியூட்டுகளை அமைப்பது எப்படி?

வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வருபவரை வாசலில் நிறுத்துவது அணுகல் சர்வர். இதை என்ஏஎஸ் என்பார்கள். விபிஎன் கேட்வே, பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) ரவுட்டர் எல்லாம் இந்த வகைதான். உள்ளே விடலாமா, எந்த ஐபி, எவ்வளவு நேரம் என்று முடிவெடுப்பது ரேடியஸ் சர்வர். அந்த முடிவு என்ஏஎஸ்ஸுக்கு அட்ரிபியூட்டுகளாக, அதாவது பெயரும் மதிப்பும் கொண்ட வரிகளாகத்தான் போகிறது.

ரேடியஸ் சர்வராக இயங்கும் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் 3 நிறுவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கீழே உள்ள பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: என்ஏஎஸ்ஸை அறிமுகப்படுத்துங்கள்

கிளையன்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் என்ஏஎஸ்ஸின் ஐபியையும் ரகசியச் சொல்லையும் சேருங்கள். அதே சொல் என்ஏஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். ஃபயர்வாலில் யுடிபி 1812, 1813 இரண்டையும் திறந்துவிடுங்கள். ஐபி பட்டியலில் இல்லையென்றால் சர்வர் மறுப்புகூட அனுப்பாது. என்ஏஎஸ் பக்கம் வெறும் டைம்அவுட்தான் தெரியும்.

படி 2: பயனரை எழுதுங்கள்

டெபியன், உபுண்டுவில் 3.0 ஃபோல்டருக்குள் மோட்ஸ்-கான்ஃபிக், அதற்குள் ஃபைல்ஸ், அதற்குள் ஆத்தரைஸ் என்ற கோப்பு.

    கயல் கிளியர்டெக்ஸ்ட்-பாஸ்வேர்டு := "கடவுச்சொல்"
        சர்வீஸ்-டைப் = ஃபிரேம்டு-யூசர்,
        ஃபிரேம்டு-ப்ரோட்டோகால் = பிபிபி,
        ஃபிரேம்டு-ஐபி-அட்ரஸ் = 10.20.0.15

    டிஃபால்ட்
        செஷன்-டைம்அவுட் = 28800,
        ஐடில்-டைம்அவுட் = 900

முதல் வரி இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். அதில் இருப்பவை சரிபார்க்க. உள்தள்ளி எழுதிய வரிகள் என்ஏஎஸ்ஸுக்குப் பதிலாகப் போகும். ஒவ்வொரு பதில் வரிக்கும் பின்னால் காற்புள்ளி, கடைசி வரிக்கு மட்டும் கிடையாது. நேரம் நொடியில், 28800 என்றால் 8 மணி நேரம்.

இதே அமைப்பில்தான் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். கயலுக்கு நிலையான ஐபி கிடைத்தது, ஆனால் 8 மணி நேரம் தாண்டியும் இணைப்பு அறுபடவே இல்லை. கோளாறு என்ஏஎஸ்ஸில்தான் என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். காரணம் இந்தக் கோப்பிலேயே இருந்தது. சர்வர் மேலிருந்து கீழே படிக்கும், பொருந்துகிற முதல் பதிவோடு நின்றுவிடும். கயல் பொருந்தியதுமே வேலை முடிந்தது; எல்லோருக்கும் பொருந்தும் டிஃபால்ட் பக்கம் அது போகவே இல்லை. ஐபி வரிக்குப் பின் காற்புள்ளி போட்டு, அடுத்த வரியில் இதைச் சேர்த்ததும் சரியானது:

        ஃபால்-த்ரூ = யெஸ்

அப்புறம் இந்தக் குறிகள். பதில் வரியில் = என்பது அந்த அட்ரிபியூட் ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும். := பழையதை மாற்றிவிடும். += இன்னொன்றாகச் சேர்க்கும். ஒரே பயனருக்கு இரண்டு ஃபிரேம்டு-ரூட் (நெட்வொர்க் வழி) கொடுக்கும்போது இரண்டாவதற்கு = போட்டால் அது சத்தமில்லாமல் காணாமல் போகும்; அங்கே += போடுங்கள். முதல் வரியில் == என்பது ஒப்பிட மட்டும். குறிப்பிட்ட என்ஏஎஸ் வழியாக வந்தால்தான் பொருந்த வேண்டும் என்றால் என்ஏஎஸ்-ஐபி-அட்ரஸுக்கு இதைப் போடலாம். கடவுச்சொல்லுக்கு எப்போதும் := தான்.

படி 3: கண்ணால் பாருங்கள்

சர்வீஸை நிறுத்திவிட்டு, பெரிய எக்ஸ் தெரிவோடு ஃப்ரீரேடியஸைக் கையால் ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலில் ரேட்டெஸ்ட் கட்டளையால் உள்நுழைந்து பாருங்கள். லாக் கோப்பைத் துழாவுவதைவிட இது நூறு மடங்கு மேல். எந்த வரி எண்ணில் எந்தப் பதிவு பொருந்தியது என்று அதுவே சொல்லும். கயலுக்கு ஒன்று, டிஃபால்ட்டுக்கு ஒன்று என இரண்டு பொருத்தங்கள் தெரிந்தால் ஃபால்-த்ரூ வேலை செய்கிறது. சர்வர் அனுப்பிய அக்சஸ்-அக்செப்ட் என்ற அனுமதிப் பதிலுக்குக் கீழே எல்லா அட்ரிபியூட்டும் வரிசையாக இருக்கும். கடவுச்சொல் கிறுக்கெழுத்தாகத் தெரிந்தால் ரகசியச் சொல் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் சர்வரை மறுபடி தொடங்குங்கள். முதல் நாளே தரவுத்தளத்தோடு இணைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உரைக் கோப்பில் ஒரு பயனர் சரியாக ஓடிய பிறகு மாற்றினால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

பின்சேர்க்கை 1: மைக்ரோடிக் ரவுட்டரில் வேகம் தலைகீழாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மைக்ரோடிக்-ரேட்-லிமிட்டில் 2எம்/10எம் என்று எழுதினால், முதல் எண் ரவுட்டர் பெறும் வேகம், அதாவது பயனரின் அப்லோடு. இரண்டாவதுதான் டவுன்லோடு. பிபிபி அமைப்பில் யூஸ்-ரேடியஸை யெஸ் ஆக்காவிட்டால் ரவுட்டர் உங்கள் சர்வரைக் கேட்கவே கேட்காது.

பின்சேர்க்கை 2: 2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. கிளையன்ட்ஸ்.கான்ஃபில் ரெக்வயர்_மெசேஜ்_ஆத்தென்டிகேட்டர் என்ற அமைப்பு உண்டு. அதை யெஸ் ஆக்குங்கள், ஆனால் முதலில் உங்கள் என்ஏஎஸ் மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் அட்ரிபியூட்டை அனுப்புகிறதா என்று படி 3இல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பாத பழைய கருவி என்றால் அதன் கோரிக்கைகளைச் சர்வர் தூக்கிப் போட்டுவிடும், ஒருவரும் உள்ளே வர முடியாது.