வாம்பிர் கேம்ல நல்ல எண்டிங் வேணும்னா இத கவனிங்க

2018-ல டோன்ட்நாட் ஸ்டூடியோ பண்ண வாம்பிர் கேம் இப்பதான் ஆரம்பிக்கிறீங்கன்னா ஒரு விஷயம், 1918 லண்டன், ஸ்பானிஷ் ஃப்ளூ டைம், நீங்க ஜோனதன் ரீட்னு ஒரு டாக்டர், அதே சமயம் ரத்தக்காட்டேரி. இதுல எண்டிங்க முடிவு பண்றது நீங்க எத்தனை ஊர்க்காரங்க ரத்தத்த குடிச்சீங்கங்கறதுதான். சண்டைல வர்ற எதிரிங்கள கொன்னா அது கணக்குல வராது, பயப்படாம அடிங்க.

ஒருத்தர பத்தி நல்லா விசாரிச்சு, அவர் நோய்க்கு மருந்தும் குடுத்து குணப்படுத்தினா அவர் ரத்தத்த குடிச்சா கிடைக்கற எக்ஸ்பி (லெவல் ஏத்தற புள்ளி) ஏறும், அதாவது நீங்க யார நல்லா பாத்துக்கிட்டீங்களோ அவரக் கொல்லத்தான் கை துறுதுறுங்கும். என்னைக் கேட்டா இந்த கேமோட உயிரே அதுதான். நல்ல எண்டிங் வேணும்னா ஊர்க்காரங்கள்ல ஒருத்தர் ரத்தத்தக்கூட குடிக்காதீங்க.

அப்படி ஆடினா லெவல் கம்மியாதான் இருக்கும், சண்டை கஷ்டமா இருக்கும், அதனால ஆயுதத்த அப்கிரேட் பண்ணிக்கிட்டே இருங்க, மருந்து குடுத்தாலும் கொஞ்சம் எக்ஸ்பி வரும். சண்டையே பிடிக்காதவங்க ஸ்டோரி மோட் எடுங்க.

ரொம்ப முக்கியம், இதுல நம்ம இஷ்டத்துக்கு சேவ் பண்ணி வச்சுக்க முடியாது, ஆட்டோசேவ் மட்டும்தான், அதனால ஒருத்தரக் கொன்னா கொன்னதுதான். படுத்து எழுந்ததும் அந்த ஏரியா நிலைமையே மாறியிருக்கும், அதனால தூங்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மருந்து குடுத்துடுங்க.