தலைப்பிரசவம் பயமுறுத்திவிட்டதா? அடுத்ததை முடிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பிரசவத்தில் நொந்துபோன ஒரு பெண் மறுபடி கருவுற்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்தத் தடவை நார்மலா, சிசேரியனா?" என்பதுதான். நாள் தள்ளிப்போன இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். அம்மா ஒன்று சொல்வார், மாமியார் ஒன்று சொல்வார், ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொன்று சொல்வார். அவள் மனதில் ஓடுவதோ வேறு. அந்த லேபர் வார்டுக்குள் இன்னொரு முறை போக முடியுமா என்பதுதான் அது.

நார்மலா சிசேரியனா என்று முதலிலேயே கேட்பதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. போன முறை உங்களைக் காயப்படுத்தியது எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "நார்மல் வேண்டவே வேண்டாம்" என்கிற பெண்ணுக்கு வலி பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்தது, "கத்தாதே" என்று அதட்டு வாங்கியது, ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே வெட்டித் தையல் போட்டது, இவைதான் அவளை விடாமல் துரத்தும். "ஆபரேஷன் மட்டும் வேண்டாம்" என்பவருக்கும் கத்திமேல் பயம் என்று சொல்லிவிட முடியாது. குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் விளக்காமல் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடிய அந்தச் சில நிமிடங்கள்தான் அவர் கனவில் வருகின்றன.

காரணம் எதுவோ, மருந்தும் அதற்கேற்றதுதான். தனிமைதான் காயம் என்றால், கூட ஒருவர் இருக்க அனுமதிக்கும் மருத்துவமனை வேண்டும். வலி தாங்கவில்லை என்றால் முதுகில் போடும் வலி மரக்கும் ஊசியான எபிடூரல் கொடுக்க எந்நேரமும் மயக்க மருத்துவர் இருக்கும் இடம் வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனதுதான் பயம் என்றால், சிசேரியன் அதைத் தீர்த்துவிடாது. அறுவையிலும் ரத்தம் போகும். கர்ப்ப காலத்திலேயே ஹீமோகுளோபினை ஏற்றிவைப்பதும், ரத்தம் தயாராக இருக்கும் மருத்துவமனையைத் தேர்வதும்தான் அதற்கு வழி. ஒரு தாளை எடுத்து, எந்த நொடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது என்று எழுதிப் பாருங்கள். வரிசையாக வராவிட்டாலும் சரி.

பழைய ரெக்கார்டு இல்லாமல் முடிவெடுப்பது

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில், இரண்டாவது பெரும்பாலும் கணவர் ஊரில். ஊர் மாறினால் மருத்துவமனையும் மாறும். புது டாக்டரிடம் கையில் இருப்பது அரைப்பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதில் "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., தாயும் சேயும் நலம்" என்று இருக்கும் (எல்.எஸ்.சி.எஸ். என்றால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டும் சிசேரியன்). உங்களுக்கு நடந்தது முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போயிருக்கும்.

பழைய மருத்துவமனையில் ஆபரேஷன் நோட்ஸ், பிரசவக் குறிப்பு இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டு கடந்துவிட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அதில் பார்க்க வேண்டியவை இவை. கர்ப்பப்பையை எந்த இடத்தில், எந்தத் திசையில் வெட்டினார்கள்? வெளியே வயிற்றில் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளேயும் குறுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆபரேஷன் எதற்காக? கர்ப்பப்பை வாய் அப்போது எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது? சுகப்பிரசவம் என்று எழுதியிருந்தால் ஆயுதமோ வாக்யூமோ போட்டார்களா, கிழிசல் எந்த அளவு, எவ்வளவு ரத்தம் போனது, குழந்தையின் எடை என்ன? ஆசனவாய்த் தசை வரை கிழிந்த பெண்ணுக்கு மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு சுமார் 5 முதல் 7 சதவீதம். இப்போதும் மலத்தையோ காற்றையோ அடக்க முடியாத தொல்லை இருந்தால் அடுத்த முறை சிசேரியன் கேட்க அது நல்ல காரணம். ஆனால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

"ஒரு தடவை கிழிச்சாச்சு, இனி எப்பவும் கிழிக்கணும்"

இதை 1916-இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் சொன்னார். அன்று கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நீளவாக்கில் வெட்டினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துவிடும் ஆபத்து அதிகம். பிறகு கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை வந்து நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டாக ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள், வேறு சிக்கல் இல்லாமல் நார்மலுக்கு முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு நார்மல் ஆகிறது. வலியின்போது உள்தையல் விட்டுப்போகும் ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து என்பதால் அந்த ஒன்றைச் சின்ன எண் என்று ஒதுக்கவும் முடியாது. நீளவாக்கு வெட்டாக இருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அவர்களுக்கு நார்மல் முயற்சி வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள்.

முதல் சிசேரியன் எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தை கால்பக்கமாக இருந்ததால் ஆபரேஷன் ஆனவருக்கு இந்த முறை தலை இறங்கியிருந்தால், போன முறையின் காரணமே இப்போது இல்லை. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்தும் குழந்தை இறங்காமல் போனவருக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவு. நடுவில் ஒரு நார்மல் பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. இரண்டு பிரசவங்களுக்கும் இடையில் ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் தையல் விடும் ஆபத்து அதிகம். குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்தே மறுபடி கருத்தரிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதன் மறுபக்கமாக ஒரு தவறும் இருக்கிறது. போன முறை "தோற்றுவிட்டோம்" என்ற எண்ணத்தில், எப்படியாவது நார்மலில் பெற்றுக் காட்டிவிட வேண்டும் என்று இடத்தைப் பார்க்காமல் இறங்குவது. நார்மலுக்கு முயல வேண்டுமானால் நடுராத்திரியிலும் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் உள்ளேயே இருக்க வேண்டும். மயக்க மருத்துவரை வெளியிலிருந்து போன் போட்டு வரவழைக்கும் சின்ன நர்சிங் ஹோம், எவ்வளவு அன்பான இடமாக இருந்தாலும், இதற்கு ஏற்றது இல்லை. வலி வர மருந்து கொடுப்பதும் தையல் விடும் ஆபத்தைக் கூட்டும். அதிலும் மிசோபிரோஸ்டால் மாத்திரையை முழு மாதத்தில், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. "தேதி தாண்டியும் வலி வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். "சிசேரியனுக்குப் பிறகு நார்மல் இங்கே பார்க்கிறீர்களா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மொத்தப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். நீங்கள் எங்கே பதிவு செய்கிறீர்கள் என்பதும் உங்கள் முடிவில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

சிசேரியனைத் தேர்ந்தெடுக்கும்போது

பயத்தால் சிசேரியன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது முழுமையான காரணம்தான். தேதி குறித்து, விழித்திருந்து, குழந்தையை உடனே நெஞ்சில் வாங்கிக்கொள்ளும் ஆபரேஷனுக்கும், போன முறை அலறிப்புடைத்து நடந்ததற்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்காமல் போகிறார்கள்.

முதலாவது, இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (நஞ்சுக்கொடி) பழைய தழும்பின்மேல் ஒட்டிச் சுவருக்குள் ஊடுருவும் ஆபத்து ஏறுகிறது. 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருந்த பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதத்துக்கும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதத்துக்கும் இப்படி ஆனது. சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். இரண்டோடு போதும் என்பவருக்கு இந்தக் கணக்கு வேறு, நான்கு பிள்ளை ஆசைப்படுபவருக்கு வேறு. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முன்பு சிசேரியன் ஆனவர் ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாள் பார்ப்பது. நல்ல நட்சத்திரத்துக்காக 37-ஆவது வாரத்திலேயே குழந்தையை எடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. முதல் குழந்தை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த கொடுமையை ஏற்கெனவே பார்த்த குடும்பம் இதைச் செய்யவே கூடாது. 39 வாரம் முடிந்த பிறகு வரும் நாட்களில் நல்ல நேரம் பாருங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

"பிள்ளைதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?"

இந்தக் கேள்வியால் வாயடைத்துப்போன பெண்கள் ஏராளம். பிரசவம் முடிந்து மாதங்கள் கடந்தும் அந்தக் காட்சி கண்முன் வருவது, மருத்துவமனை வாடை பட்டாலே நெஞ்சு படபடப்பது, குழந்தையின் பிறந்தநாள் நெருங்கும்போது தூக்கம் போவது, கணவரை நெருங்க விடாமல் தள்ளிவைப்பது, இவையெல்லாம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலச் சிக்கலின் அறிகுறிகளாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் நூற்றில் நான்கு பேர் அளவுக்கு இது வருகிறது, சிக்கலான பிரசவம் ஆனவர்களிடம் இன்னும் அதிகம். பலவீனமான மனசு என்று பெயர் வைத்து ஒதுக்குகிற விஷயம் இல்லை.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்ணசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டும் பலன் தருகின்றன. ஒரே ஒரு முறை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி அழச் சொல்வது போதாது. சிலருக்கு அது ரணத்தைக் கிளறிவிட்டதோடு நின்றுவிடும். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அன்று வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கணவருக்கும் இது தேவைப்படலாம்.

இந்தப் பயம் கவனிக்கப்படாமல் போகும்போது சிலர் செக்கப்பையே தவிர்க்கிறார்கள். இன்னும் சிலர் மருத்துவமனையே வேண்டாம் என்று வீட்டுப் பிரசவத்தின் பக்கம் போகிறார்கள். அவர்களை அங்கே தள்ளியது மருத்துவமனைகள் நடத்திய விதம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்த ஒரு தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். முந்தைய சிசேரியனோ முந்தைய ரத்தப்போக்கோ இருந்தவர் வீட்டில் பிரசவிப்பதை என்னால் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. வேறு மருத்துவமனை தேடுவோம், வேறு டாக்டரைப் பார்ப்போம்.

ஒரே திட்டத்தை நம்பி இருப்பது

நார்மல் என்று முடிவு செய்தவருக்கு சிசேரியன் ஆகலாம். 39-ஆவது வாரத்தில் ஆபரேஷன் என்று குறித்தவருக்கு 37-லேயே பனிக்குடம் உடையலாம். போன முறை போலவே திடீரென்று எல்லாம் கைமீறிப்போனதாக அப்போது தோன்றும். அதனால் 36-ஆவது வாரத்துக்குள் டாக்டருடன் உட்கார்ந்து, ஒவ்வொரு சூழலுக்கும் என்ன செய்வது என்று பேசிக் கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டியூட்டியில் வேறு டாக்டர் இருந்தாலும் அதைப் படிப்பார்.

கூட ஒருவர் இருப்பது, எதைச் செய்யும் முன்பும் சொல்லிவிட்டுச் செய்வது, அவசியமில்லாமல் வெட்டித் தையல் போடாதது, வயிற்றை மேலிருந்து அமுக்காதது, இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலேயே இவை இருக்கின்றன. மத்திய அரசின் லக்‌ஷ்யா என்ற, பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்தும் திட்டமும் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை வலியுறுத்துகிறது. பொதுவாக அது பெண் துணையாக இருக்க வேண்டும் என்பார்கள். அம்மாவா, அக்காவா, யார் பதற மாட்டார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பாசம் அதிகம் உள்ளவர் எல்லாரும் அந்த அறைக்கு ஏற்றவர் இல்லை.

அப்புறம், வீட்டுப் பக்கமும் திட்டம் வேண்டும். ராத்திரி வலி எடுத்தால் யார் வண்டி, 108 வர எவ்வளவு நேரம் ஆகும், பழைய ரெக்கார்டு எந்தப் பையில் இருக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அதே தாளில் எழுதிக் கணவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.