கிராங்க் ஷாஃப்ட் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். அதைப் பலப்படுத்தினால் பவர் ஏறும் என்று நம்பித்தான் பலர் பைக் எஞ்சினைப் பிரிக்கிறார்கள். ஏறாது. பவர் வருவது ஹெட், கேம், கம்ப்ரஷன், கார்புரேட்டர் பக்கமிருந்து. கிராங்க் அதைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதிலும் கிராங்க்கை அதிகம் வதைப்பது பவரைவிட ஆர்பிஎம்தான் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பது). பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ராடையும் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது) அது மாட்டியிருக்கும் கிராங்க் பின்னையும் இழுக்கிற விசை, சுற்றும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 9,000 ஆர்பிஎம்மில் சுற்றிய எஞ்சினை 11,000க்குக் கொண்டுபோனால் வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, இழுப்போ கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடிவிடும். ஆகவே எத்தனை ஆர்பிஎம் வரை ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் ராட், பின், பேரிங் வாங்குவதுதான் முதல் தவறு. பழைய ரெட்லைனுக்குள்ளேயே (கம்பெனி வைத்த உச்ச ஆர்பிஎம்) ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஒழுங்காக ட்ரூ பண்ணிய, அதாவது கோணல் எடுத்து நேராகச் சுற்றும்படி செய்த, ஸ்டாக் கிராங்க்கே பெரும்பாலும் போதும்.

அடுத்தது வெல்டிங். சிங்கிள் சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் பெரும்பாலும் ஒரே துண்டு கிடையாது. இரண்டு பக்கமும் வெப் எனும் கனமான தட்டு, நடுவில் பின், எல்லாமே பிரஸ்ஸில் இறுக்கி ஏற்றியவை. பின் அதன் துளையைவிட நூலிழை பெரிதாக இருப்பதால்தான் பிடிப்பு. உயர் ஆர்பிஎம்மில் கிளட்சைத் திடீரென விட்டாலோ, ஓடும்போது எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்றாலோ அந்தப் பிடிப்பு நழுவி இரண்டு வெப்பும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பின்னின் முனையை வெல்டு வைக்கிறார்கள். யோசனை சரிதான், செய்கிற விதத்தில்தான் கோளாறு. ட்ரூ பண்ணாமலே வெல்டு வைத்தால் கோணலை நிரந்தரமாக்கியதாகிவிடும். சுற்றிலும் ஒரே மூச்சில் ஓட்டினால் சூடு உள்ளே இறங்கி, பின்னின்மேல் பேரிங் ரோலர் ஓடுகிற பரப்பின் கடினத்தன்மை போய்விடும். முதலில் ட்ரூ பண்ணி, எதிரெதிர்ப் புள்ளிகளில் சின்னச் சின்னதாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். வெல்டு ஆறும்போது இழுக்கும் என்பதால் முடிந்ததும் மறுபடி டயல் கேஜ் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் இன்னொன்று, பலமுறை பின் மாற்றித் துளை தளர்ந்துபோன வெப்பை வெல்டு காப்பாற்றாது. அதை ஒதுக்கிவிடுங்கள்.

ட்ரூ பண்ணுவதில் நடக்கும் ஏமாற்று வேறு மாதிரி. மேனுவலில் போட்டிருக்கும் சர்வீஸ் லிமிட் என்பது தேய்ந்த கிராங்க்கை இதற்கு மேல் ஓட்டாதே என்பதற்கான எல்லை. அதையே இலக்காக வைத்துக்கொண்டு 'லிமிட்டுக்குள்தானே இருக்கு' என்று மூடிவிடுகிறார்கள். ஆர்பிஎம் ஏற்றுகிற எஞ்சினில் இரண்டு முனையிலும் ரன்அவுட் (சுற்றும்போது கோணலாக விலகும் அளவு) 0.03 மிமீக்குள் வர வேண்டும், 0.02 என்றால் இன்னும் நல்லது. ட்ரூ பண்ண செம்புச் சுத்தியலால் வெப்பைத் தட்டுவது முறையான வேலைதான். ஆனால் அதே சுத்தியலை எடுத்து ஷாஃப்ட் முனையில் அடித்து கிராங்க் கேஸில் இருந்து கழற்றினால், ட்ரூவாக இருந்ததும் கெட்டுப்போகும். அதற்கு இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி இருக்கிறது.

எடை குறைக்கிறேன் என்று வெப்பைச் செதுக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. கிரைண்டர் கல் விட்ட ஒரு கீறல் போதும், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு பேலன்ஸும் மாறிவிடும். செதுக்காவிட்டாலும் கனமான பிஸ்டன் போட்டாலே மாறும். சிங்கிளில் கிராங்க்கை வைத்து மட்டும் முழு பேலன்ஸ் கொண்டுவர முடியாது, மேலும் கீழும் போகிற எடையில் ஒரு பங்கைத்தான் எதிரெடை சமாளிக்கும். அந்தப் பங்கைக் கணக்குப் போடாமல் மூடினால் ஹேண்டில் பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிர்ந்தே சொல்லிவிடும்.

கிராங்க் முனையில் மேக்னெட்டை (காந்தம் பதித்த ஃப்ளைவீல்) மாட்டும்போது சாவி, அதாவது பள்ளத்தில் உட்காரும் சின்ன உலோகத் துண்டு, பிடித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். ஷாஃப்ட் முனையின் கூம்பு வடிவமான டேப்பர்தான் பிடிக்கிறது, சாவி இடத்தைக் காட்ட மட்டும். டேப்பரில் எண்ணெய் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு நட்டை டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து 'ஆடுது' என்று பயப்படவும் வேண்டாம், அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும், அளவை மட்டும் சரிபாருங்கள். மேலும் கீழுமாக ஆடினால்தான் பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க பேரிங்) போயிருக்கிறது என்று அர்த்தம். மூடுவதற்கு முன் ஆயில் துளைகளில் காற்றடித்து, பிக் எண்டில் ஆயில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். காய்ந்த பேரிங்கோடு முதல் ஸ்டார்ட் அடித்தால் புது ராட் கிட் அங்கேயே கெட்டுவிடும்.