அடுத்தவர் இலையை எடைபோடும்போது செய்கிற தவறுகள்

கோவைக்கு வேலைக்கு வந்த மதுரைக்காரர் முதல் வாரமே சொல்லிவிடுவார்: இங்கே குழம்பில் காரமே இல்லை. சென்னைக்குப் போன ஈரோட்டுக்காரர் ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்வார்: அங்கே சாம்பாரில் புளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே பேச்சு 'இதையெல்லாம் மனுசன் திம்பானா' என்று போகும்போது, சோற்றைப் பற்றிய பேச்சு அதைச் சாப்பிடுகிற ஆளைப் பற்றியதாகிவிடுகிறது. கொங்குப் பக்கம் வீட்டிலும் கம்பெனி கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் இப்படிக் காதில் விழுவது நிறைய. பெரும்பாலும் விவரம் தெரியாமல் சொல்வதுதான். அதனால் விவரத்தையே எழுதுகிறேன்.

"மசாலாவே இல்லையே"

கொங்குச் சமையலைச் செட்டிநாட்டு அளவுகோலால் அளப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கோவையில் ஆண்டுக்குச் சராசரியாக 600, 700 மில்லிமீட்டர் மழைதான். தமிழ்நாட்டுச் சராசரி 900-க்கு மேல். வாய்க்கால் பாயாத மேட்டாங்காட்டில் கம்பு, சோளம், ராகி, கொள்ளு, எள், நிலக்கடலை விளைந்தன. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய். சமையலும் இதைச் சுற்றியே அமைந்தது. கடலெண்ணெய், சின்ன வெங்காயம், கொத்தமல்லி, சீரகம், மிளகு, தேங்காய், எதிலும் ஒரு சிட்டிகை மஞ்சள். அன்னாசிப்பூ செட்டிநாட்டு அடுப்புக்கு வந்ததற்குப் பின்னால் கடல் கடந்த வியாபாரம் இருக்கிறது. அந்தக் கதை வேறு, இந்தக் கதை வேறு.

அரிசியும் பருப்பும் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய், மஞ்சள், இறக்கியதும் நெய். தக்காளி போடுகிற வீடும் உண்டு, போடாத வீடும் உண்டு. காட்டு வேலை முடிந்து வந்த கையோடு ஒரே பாத்திரத்தில் வைத்து இறக்கிவிடலாம். தயிரும் அப்பளமும் இருந்தால் வேறு வெஞ்சனம் வேண்டாம். இதில் பிரியாணியைத் தேடினால் பருப்பும் சீரகமும் சேர்ந்து வெந்த மணம் பிடிபடாது.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு நடப்பது இன்னும் மோசம். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் பெயரைக் கொண்ட இந்தக் கறிக்கு வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிப் போட வேண்டும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்த் துண்டு, கடலெண்ணெய், அவ்வளவுதான். மசாலாத்தூள் கிடையாது என்பதுதான் இதன் அடையாளமே. வெளியூர் ஹோட்டல்கள் பலவற்றில் இதே பெயரில் கரம் மசாலாவும் சோள மாவும் சேர்த்துச் சிவப்பாக ஒன்று வருகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கொங்குச் சமையலுக்கே தீர்ப்பு எழுதுகிறவர்கள், ஈரோடு, பவானி, பெருந்துறைப் பக்கம் யார் வீட்டிலாவது ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு எழுதட்டும்.

உள்ளூர்க்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 'எங்க ஊர்ல செய்யறதுதான் ஒரிஜினல், மத்ததெல்லாம் டூப்' என்று சண்டைக்கு நிற்கிறோம். அந்த ஒரிஜினலில் இருக்கிற மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். தக்காளியும் அப்படித்தான். சேலத்து ஜவ்வரிசிக்கு ஆதாரமான மரவள்ளிக்கும் பூர்வீகம் அதே கண்டம். வந்த பொருளை வைத்து ஒவ்வொரு வீடும் ஒரு பக்குவம் கண்டுபிடித்தது. அதில் எது அசல் என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

களியும் அரிசியும்

இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் மேட்டாங்காட்டு ஊர்களில் நெல்லுச்சோறு என்றால் நோம்பி என்கிற பண்டிகைக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. காலிங்கராயன், தடப்பள்ளி மாதிரி பழைய வாய்க்கால் பாய்ந்த ஊர்களில் மட்டும் நெல் இருந்தது. 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபிறகு நெல்லைப் பார்த்த ஊர்கள் பல. வாய்க்கால் ஊர்க்காரர்கள் மேட்டாங்காட்டுக்காரர்களைக் 'களி திங்கறவங்க' என்று இளக்காரமாகப் பேசியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது இளக்காரம் திசை மாறிவிட்டது. ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்ல காரியம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கம்பில் இரும்புச்சத்து அதிகம். சரி, சாப்பிட முடிந்தவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் 'வெள்ளைச் சோறு விஷம், அதைத் தின்னுதான் உங்களுக்கெல்லாம் சர்க்கரை வியாதி' என்று அடுத்தவர் தட்டைக் காட்டிப் பேசுவது எந்த விதத்தில் நியாயம்? அன்றைக்குக் களி தின்றவரை மட்டம் தட்டினார்கள், இன்றைக்கு அரிசி தின்கிறவரை. அநேகமாக அது அதே குடும்பத்தின் பேரப் பிள்ளையாக இருக்கும்.

இதில் இன்னொரு விஷயத்தைப் பேசுவதே இல்லை. கம்பைக் குத்திப் புடைக்க வேண்டும். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த சில நாளிலேயே கசந்து வாடை வந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. களியைக் கட்டி தட்டாமல் கிண்டத் தோள் வலுவும் நேரமும் வேண்டும். முந்தின இரவு ஓவர்டைம் பார்த்துவிட்டு, காலை எட்டரைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்க வேண்டிய பெண் இதை எப்போது செய்வார்? அவர் வீட்டுக் குக்கரில் அரிசி வேகிறது என்றால் அதற்குச் சோம்பல் காரணமில்லை. சிறுதானியப் பெருமை பேசுகிற ஆண்கள் முதலில் களித் துடுப்பைக் கையில் எடுக்கட்டும்.

ரேஷன் அரிசி

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் இலவசம். 'அது மாட்டுக்குப் போடறதுங்க' என்று நாலு பேர் நடுவில் சொல்கிறவர்கள், அதைச் சாப்பிட்டுப் படித்து வந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைப்பதில்லை. புழுங்கல் அரிசி கொஞ்சம் பழுப்பாக இருப்பது குறையில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிப்பக்கத்து பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்குகின்றன. அதனால் தீட்டிய பிறகும், பச்சரிசியைவிட இதில் தயமின் கூடுதலாகத் தங்குகிறது. தண்ணீரில் மிதக்கிற சில மணிகளைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று பரப்புகிறார்களே, அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணிகள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். புழுவும் கல்லும் இருந்தால் கடையில் கேட்கத்தான் வேண்டும், அது உரிமை. வாங்குகிறவரைக் கேவலமாகப் பார்க்கத்தான் உரிமையில்லை.

"பிடிக்கலைன்னா கொழுப்பு"

1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாண்டபோது தூள் பறந்தது. உடன் இருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது என்று தெரிந்தது. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருப்பதற்கும் மரபணுத் தொடர்பு உண்டு. குழந்தைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிடத் தூக்கலாகத் தெரியும். பாகற்காயைத் துப்புகிற பிள்ளையிடம் 'உனக்கு நாக்கு நீளம்' என்று அதட்டுவதில் பயனில்லை. கொஞ்சமாக, பல தடவை, வற்புறுத்தாமல் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

பிறவியோடு வந்தது ஒரு பங்கு என்றால், வளர்ந்த அடுப்படி இன்னொரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மருமகளிடம், 'ஏங்கண்ணு, உங்கூர்ல கொள்ளுப் பருப்பு கடையத் தெரியாதா?' என்று மாமியார் அன்பாகவே கேட்கலாம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் பிறந்த வீட்டில் கொள்ளு குதிரைக்கான தீனி. வருசக்கணக்கில் பழகாத வாசனை ஒரு மாதத்தில் பிடித்துவிடாது. வாரம் ஒருநாள் அவள் ஊர் மோர்க்குழம்பையும் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டால், கொள்ளும் மெல்லப் பழகும்.

கடுகெண்ணெய் வாடை

திருப்பூர் பனியன் கம்பெனிகள், பல்லடம் விசைத்தறிகள், கோவைப் பவுண்டரிகள், நூல் மில்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். இவர்கள் சாப்பாட்டைப் பற்றி நம் ஊரில் பேசுகிற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கடுகெண்ணெய் வாடையைக் காரணம் காட்டி வீடு கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெயைப் புகை வரும்வரை காயவைப்பதே அதன் நெடியைக் குறைக்கத்தான் என்பதுகூடத் தெரியாமல், 'அவங்களுக்குச் சமைக்கவே தெரியாது' என்கிறார்கள். நம் கடலெண்ணெய் வாடையும் அவர்களுக்குப் புதிதுதான்.

ஒடிசாக்காரர் வெயில் காலத்தில் சாப்பிடுகிற பகாலா என்ன தெரியுமா? ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, புளித்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், வதக்கிய கீரையோடு சாப்பிடுவது. நம் பழைய சோறேதான். மார்ச் 20-ஐப் பகாலா நாள் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். பீகாரில் 'சத்து' என்று ஒன்று உண்டு, வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. உப்பு, எலுமிச்சை, வெங்காயம் சேர்த்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வெயிலில் இறங்குவார்கள். நமக்குக் கம்மங்கூழ் செய்கிற வேலையை அவர்களுக்கு அது செய்கிறது. பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இது தெரியாமலே இருக்கிறோம்.

மூன்று வேளையும் சாம்பாரை ஊற்றிவிட்டு, 'சோறும் போட்டு எடமும் குடுத்தா குறை சொல்றாங்க' என்று அலுத்துக்கொள்கிற முதலாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தீர்களே, அதே ஏக்கம்தான் இது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் போட்டால் செலவு பெரிதாக ஏறாது. சமைக்க அவர்களிலேயே ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

சாதி

கொங்கு நாட்டில் சாப்பாட்டுப் பேச்சு ஒரு கட்டத்தில் சாதிப் பேச்சாகிவிடும், அதை மறைத்து எழுத முடியாது. 2018-ல் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒரு தரப்புப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவர் சமைத்த சோற்றில் உப்புக் குறை, காரக் குறை என்று யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைப்பதும், 'வெஜிடேரியன் மட்டும்' என்ற நிபந்தனையை வைத்து யாருக்கு வீடு கிடையாது என்று குறிப்பால் உணர்த்துவதும், மாட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைப்பதும் இதே வகைதான். ஒருவருக்கு மாட்டுக்கறி வேண்டாமென்றால் அவர் சாப்பிட வேண்டியதில்லை. அதைச் சாப்பிடுகிறவர் அசுத்தமானவர் என்பது ருசி பற்றிய கருத்தே இல்லை, தீண்டாமை.

அப்படியானால் எதைத்தான் சொல்லலாம்?

ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டில் பிடிக்காத ஒன்றை வைத்தால், 'எனக்கு இது பழக்கமில்லைங்க, கொஞ்சமா வைங்க' என்றால் யாரும் வருத்தப்படப் போவதில்லை. விருந்து வைக்கிறவர்களும் ஒருமுறை மறுத்தவரின் இலையில் மறுபடி அள்ளி வைக்காமல் இருக்கலாம். நம் ஊரில் உபசாரம் என்ற பெயரில் நடக்கிற பெரிய தொந்தரவு அது.

கெட்ட சாப்பாட்டைக் கெட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள். காலையிலிருந்து கொதித்துக் கறுத்த எண்ணெய், நேற்றைய சட்னி, விரலில் ஒட்டுகிற சிவப்புச் சாயம், எல்லாமே கேட்க வேண்டியவை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயம் இருந்தது சோதனையில் தெரிந்து, தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. சிக்கன் வறுவலோ காளானோ சந்தேகமான சிவப்பில் இருந்தால் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தள்ளுவண்டிக்காரரிடம் கேட்கிற அதே கேள்வியை ஏசி ஹோட்டல் கல்லாவிலும் கேளுங்கள். அங்கேயும் எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிடலாம்.