கிராம சபையில் எழுந்து பேசத் தயங்குபவர்களுக்கு

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபைக்குப் போய், கேட்க நினைத்ததை நாக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் பலர். "இவளுக்கு என்ன தெரியும் என்று நாலு பேர் சிரிப்பார்களோ" என்ற அச்சமே காரணம். அந்த நாலு பேர் நம்மை அவ்வளவு கவனிப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட டி-சர்ட்டுடன் அறைக்குள் நுழைந்த அமெரிக்க மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினர். கவனித்தவர்கள் கால் பங்கினர் அளவே.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். "எங்கள் தெருவில் மூன்று விளக்குகள் எரியவில்லை, எப்போது சரிசெய்வீர்கள்?" என்று துண்டுச் சீட்டில் எழுதி, முந்தைய இரவு வீட்டில் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள், குரல் எங்கே இடறுகிறது என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து, வாய்ப்புக் கிடைத்தவுடன் எழுந்துவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் படபடப்புதான் கூடும். கை நடுங்கினால் நடுங்கட்டும், சீட்டைப் பார்த்தே படிக்கலாம். யாராவது சிரித்தால் (ஒருவராவது சிரிப்பார்) அவரைப் பாராமல், தலைவரைப் பார்த்துக் கேள்வியை மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். பதில் வந்ததும், அது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கேட்டுவிட்டு அமருங்கள்.